தேவசித்தம் தேறுதல்: உடுவில் அக்னியூ அம்மையார்

ஒரு பெருங்காரியத்தைத் துணியுமுன், அது இறைவன் திருவுளமோ அன்றித் தன் உள்ளத்து வேட்கையோ என ஆராய்ந்து தெளியும் ஒழுக்கம் கிறிஸ்தவ சமயத்தில் தொன்றுதொட்டு வருவது. பவுலடியார் ஆவிகளைப் பகுத்தறிதலை அருட்கொடைகளுள் ஒன்றாக வைத்தார். ஸ்பானிய தேசத்துத் துறவி இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் அதனை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அவர் விதித்த நெறிகளுள் ஒன்று. புரொட்டஸ்தாந்தர் இப்பயிற்சியை அப்படியே கைக்கொண்டாரல்லர். எனினும் வேதவாசிப்பு, ஜெபம், சபையாரின் ஆலோசனை, கைமேல் உள்ள கடமை ஆகியவற்றால் தம் தீர்மானங்களை உரைத்துப் பார்த்தனர். அவ்வாறு உரைத்துப் பார்க்கப்பட்ட தீர்மானம் ஒன்று யாழ்ப்பாணத்து உடுவிற் கிராமத்தின் சரித்திரத்தையே மாற்றியது.

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தவர். எட்டு வயதுச் சிறுமியாய்ப் பள்ளியிற் பூமிசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியை உலகப்படத்தைக் காட்டித் தூரதேசங்களில் நடைபெறும் மிஷன் ஊழியத்தை எடுத்துரைத்தார். வளர்ந்தபின் தானும் அவ்வூழியத்துக்குப் போவதென்று சிறுமி அன்றே உறுதி பூண்டாள். வீட்டிலேயே இருப்பது கடமையென்று கடவுள் காட்டினாலன்றி, என்றொரு நிபந்தனையும் அவ்வுறுதியோடு இருந்தது. இச்செய்தியின் உயிர்நிலை அந்த நிபந்தனையே. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியதே 1816இல் என்பதையும் இங்கே கருதவேண்டும். செல்லவேண்டிய இடம் ஆயத்தமாகுமுன்னரே செல்லும் எண்ணம் பிறந்துவிட்டது.

பிறந்த எண்ணம் இருபதாண்டுகளுக்குமேற் காத்திருந்தது. முதுமையெய்திய பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. அழைப்பு வந்துவிட்டதெனக் கூறிப் பெற்றோரைக் கைவிட்டுச் சென்றிருப்பின், அத்துணிவைப் போற்றுவாரும் இருந்திருப்பர். அவரோ கடமையைத் தடையென்று எண்ணாமல், அதனையே இறைவனின் அப்போதைய விடையாகக் கொண்டார். நீண்ட காத்திருப்பில் வெறும் ஆசையாயின் வாடிப்போகும். அவர் எண்ணம் வாடவில்லை. பெற்றோர் காலஞ்சென்றபின், 1839இற் கப்பலேறி, 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அமெரிக்க மிஷன் சங்கத்தார் மணமாகாத பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. அவ்வாறு இலங்கைக்கு வந்த முதற்பெண்களுள் அவரும் ஒருவர்.

உடுவிலில் 1824ஆம் ஆண்டு ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1833இல் அவர் மறைந்தபின் ஸ்போல்டிங் தம்பதியர் அதனைப் பேணிவந்தனர். அக்னியூ அம்மையார் அப்பாடசாலையைப் பொறுப்பேற்று, 1879 வரை நடத்தினார். அவரிடம் கல்வி கற்றோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். தம் பழைய மாணவியரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே கற்பித்தார். படிப்பு முடித்துக் குடும்பம் நடத்திய பெண்களை அவரவர் வீடு தேடிச்சென்று கண்டுவருவது அவர் வழக்கம். ஆயிரம் புதல்வியரின் தாய் என்னும் பெயர் அவருக்கு வாய்த்ததில் வியப்பில்லை.

இனி, அம்மாணவியரின் தீர்மானங்களையும் எண்ணிப் பார்த்தல் நியாயமாகும். அவருடைய காலத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்ட மாணவியர் கிறிஸ்தவராயினர். ஆனால் ஞானஸ்நானம் பெறுவதென்ற முடிவைத் தம் வீட்டாரை விட்டு விடுதியில் வாழ்ந்த இளம்பெண்கள் எடுத்தார்கள். மேலும், தொடக்ககாலத்தில் இப்பாடசாலையிற் படித்த பெண்களுக்கு மிஷனே சீதனமும் வழங்கியது. சீதனமின்றிப் பெண்ணுக்கு வாழ்வில்லை என்ற ஊரில் அது இரக்கச் செயலேயாயினும், உள்ளத்தின் அழைப்பையும் உலகத்தின் நயத்தையும் வேறுபிரித்தறிவதை அது கடினமாக்கியிருக்கும். அக்னியூ அம்மையாருக்குக் கிடைத்த இருபதாண்டுத் தனிமைச் சோதனை அச்சிறுமியருக்குக் கிடைக்கவில்லை.

அயலிலே, வேறொருவரும் இவ்வாறே நெடுங்காலம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைபுரிந்துவந்த ஆறுமுக நாவலர், 1848இல் அவர்தம் பாடசாலைப் பணியை விட்டுச் சைவத்தொண்டில் முழுமையாக இறங்கினார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையில் அவரது சைவப் பாடசாலை தோன்றியது. முடிவுகள் எதிரெதிரானவை, எனினும் வருவாயையும் வசதியையும் நோக்காது எடுத்த முடிவுகள் என்னும் அளவில் இரண்டும் ஒருதன்மையன.

அக்னியூ அம்மையார் வந்தபின் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. ஓய்வுக்காக அமெரிக்கா போய்வரலாகாதா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், தமக்கு அதற்கு நேரமில்லை, வேலை மிகுதி என்று விடையிறுப்பாராம். ஒருமுறை ஆராய்ந்து தேறிய காரியத்தை ஆண்டுதோறும் அவர் மறுவிசாரணைக்கு எடுக்கவில்லை. கடைசி ஆண்டுகளை மானிப்பாயில், அங்கு ஊழியஞ்செய்த லீச் சகோதரிகளின் இல்லத்திற் கழித்தார். 1883இல் மரணப்படுக்கையில் இருந்தவரிடம், எதைக் குறித்து ஜெபிக்கவேண்டும் என்று ஒரு மிஷனரி வினாவினார். இலங்கையின் பெண்களுக்காக ஜெபியுங்கள் என்றார் அம்மையார்.