தோல் பதனிடுபவர் (மரச்செதுக்கு அச்சுப்படம்)

தோல் பதனிடுபவர் என்பது 1568 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் நகரில் வெளியான ஒரு நூலில் உள்ள மரச்செதுக்கு அச்சுப்படம் ஆகும். இதன் ஜெர்மன் தலைப்பு டேர் லேடெரர். படத்தை வரைந்தவர் ஜோஸ்ட் அம்மன் (1539–1591). படத்தின் கீழுள்ள எட்டு அடிச் செய்யுளை இயற்றியவர் ஹான்ஸ் சாக்ஸ் (1494–1576). பச்சைத்தோல் பதப்பட்டு விற்பனைக்கு வரும் வரையிலான பணிகளைப் படமும் செய்யுளும் சேர்ந்து பதிவு செய்கின்றன.

நூல்

இப்படம் இடம்பெற்ற நூல் பொதுவாக ஷ்டேண்டபூக், அதாவது சமூக நிலைகளின் நூல் என அழைக்கப்படுகிறது. சிக்மண்ட் ஃபையராபெண்ட் இதனைப் பதிப்பித்தார். இதில் 114 படங்கள் உள்ளன. பாப்பரசரில் தொடங்கும் வரிசை, மன்னர், வணிகர், கைவினைஞர் எனச் சென்று கோமாளிகளில் முடிகிறது. தோலைச் சார்ந்து வாழ்ந்த தோற்காகிதம் செய்பவர், மென்மயிர்த்தோல் ஆடை செய்பவர், செருப்புத் தைப்பவர் ஆகியோருக்கும் தனிப் படங்கள் உண்டு. அதே ஆண்டில் ஹார்ட்மன் ஷாப்பரின் செய்யுள்களுடன் லத்தீன் பதிப்பும் வெளிவந்தது.

படமும் செய்யுளும்

தொழிலாளி சாய்ந்த கட்டை ஒன்றின் மேல் தோலை விரித்து, இருபுறமும் கைப்பிடி உள்ள கத்தியால் சுரண்டுவதைப் படம் காட்டுகிறது. செய்யுள் தொழிலாளியே பேசுவதாக அமைந்தது. அதில் கூறப்படும் பணிகள் பின்வருமாறு:

* தோலை ஓடையில் ஊறவிடுதல்
* சுண்ணாம்புக் குழியில் இடுதல்
* மரப்பட்டைத் தூளில் சில காலம் கிடத்துதல்
* கழிகளில் தொங்கவிட்டுத் துடைத்தல்
* விற்பனை மேசையில் வைத்தல்

சுண்ணாம்பு மயிர்க்கால்களைத் தளர்த்துவதால் மயிரை எளிதில் சுரண்டி நீக்கலாம். ஓக் மரப்பட்டையில் உள்ள டானின், தோலின் கொலாஜன் புரதத்துடன் பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. தடித்த தோல்களுக்கு இப்பணி ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. அதுவரை தோலில் இட்ட முதல் திரும்பாது. எனவே எட்டு அடிகளில் முடியும் இவ்வரிசை, உண்மையில் பல மாத உழைப்பின் சுருக்கம் ஆகும்.

முக்கியத்துவம்

தோல் பதனிடும் இடங்கள் நீர்த்தேவையாலும் துர்நாற்றத்தாலும் பெரும்பாலும் நகரின் ஓரத்து நீர்நிலைகளை அடுத்தே இருந்தன. அத்தகைய தொழிலுக்கும் இந்நூல் மன்னருக்கு அளித்தது போன்றே ஒரு படத்தையும் எட்டு அடிகளையும் அளித்தது. மேலும், ஹான்ஸ் சாக்ஸ் நியூரம்பெர்க் நகரில் செருப்புத் தைப்பவராக வாழ்ந்தவர். பதனிட்ட தோல் அவரது தொழிலின் மூலப்பொருள். படம் தொழிற்கூடத்தோடு நின்றுவிட, தோலைச் சந்தை வரை கொண்டு செல்வது செருப்புத் தொழிலாளியான அவர் எழுதிய செய்யுளின் கடைசி அடியே. ஆகவே இப்படத்தைச் செய்யுளிலிருந்து பிரித்துப் பார்த்தால் தோல் வணிகம் குறித்த செய்தி கிடைக்காது.