வீட்டில் மிரட்டும் பேஸ் கிட்டார், பேண்டுக்குள் போனதும் காணாமல்போவது ஏன்?

ஒரு சின்ன டெஸ்ட் வைப்போமா? உங்களுக்குப் பிடித்த எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை முதலில் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அடுத்து அதே பாட்டை நல்ல ஹெட்போனில். இரண்டாவது முறை கேட்கும்போது, குரலுக்கும் வயலினுக்கும் அடியில் யாரோ ஒருத்தர் தனியாக இன்னொரு மெட்டே போட்டுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். ராஜாவின் பல பாடல்களில் அந்த வேலையைப் பார்த்தவர் சசிதரன். ரஹ்மான் பக்கம் போனால் கீத் பீட்டர்ஸ், பின்னாளில் மோஹினி டே. பாட்டை முணுமுணுக்கிற நம்மில் பல பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. பேஸ் வாசிக்கிறவங்க ஜாதகம் அப்படி!

காலேஜ் கல்ச்சுரல்ஸுக்காக பேண்ட் ஆரம்பிக்கும்போது, "உனக்குக் கொஞ்சம் கிட்டார் தெரியும்ல... நீ பேஸ் வாசிச்சிடு மச்சி" என்று யாராவது ஒருவரைக் கோத்துவிடுவார்கள். அந்த ஒருவர் நீங்கள் என்றால், அடுத்து நடப்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பாவைக் கெஞ்சி ஒரு பேஸ் வாங்குவீர்கள். ரூமில் வாசித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். செம சவுண்டு! முதல் ரிகர்சலில் டிரம்ஸும் ரெண்டு கிட்டாரும் ஆரம்பித்த நொடியில், நீங்க வாசிக்கிறது உங்களுக்கே கேட்காது. வால்யூமைக் கூட்டினால் ஹால் முழுக்க 'கும்'முனு ஓர் அதிர்வு மட்டும் வரும். என்ன நோட்டு என்று யாருக்கும் புரியாது. 'இந்த பேஸ் சரியில்ல, வேற வாங்கணும்' என்று உடனே தோன்றும். பொறுங்கள், பர்ஸை எடுக்காதீர்கள். பெரும்பாலும் தப்பு கிட்டார் மேல இருக்காது.

அடியில் இல்லை, நடுவில் இருக்கு!

பேஸின் தடிமனான கம்பி, இ. அதை எங்கேயும் அழுத்தாமல் சும்மா இழுத்துவிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்தது ஏ 55, டி 73, ஜி 98. உங்க போன் ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அப்படியென்றால் போனில் பேஸ் சுத்தமாகக் கேட்கவே கூடாதே? ஆனாலும் லேசாகக் கேட்கிறதே?

கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இவற்றை ஹார்மோனிக்ஸ் என்பார்கள். மேலே உள்ள மடங்குகள் காதில் விழுந்தாலே போதும், அடியில் இருக்க வேண்டிய நோட்டை மூளை தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நோட்டை அடையாளம் காட்டுகிற வேலையில் பெரும்பகுதியை அடித்தளம் செய்வதில்லை, அதற்கு மேலே இருக்கிற நடுப்பகுதிதான் செய்கிறது.

இப்போது உங்கள் ரூமுக்கு வருவோம். தனியாக வாசிக்கும்போது ஆம்ப்பில் பேஸ் குமிழை முழுசா ஏத்தி, மிட் குமிழை இறக்கி, ட்ரெபிளையும் ஏத்தி வைத்திருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், ஏன்னா தனியா கேட்க அது அவ்வளவு நல்லா இருக்கும். பேண்டுக்குள் போனால் அடிப்பகுதியில் டிரம்ஸின் கிக் உட்கார்ந்திருக்கிறது. மேல்பகுதியை சிம்பல்ஸ் விழுங்கிவிடுகிறது. உங்களுக்கென்று மிஞ்சியிருந்த நடுப்பகுதியை நீங்களே இறக்கி வைத்துவிட்டீர்கள். அப்புறம் எங்கே கேட்கும்?

ரிகர்சலில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கேட்கவில்லையென்றால் வால்யூமுக்கு முன்னால் மிட்டைத் தொடுங்கள். 500-லிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கொஞ்சம் ஏற்றினாலே நோட்டு முன்னால் வந்து நிற்கும். 250-ஐ ஒட்டிய பகுதி அதிகமானால் சத்தம் சேறு மாதிரி குழையும், அதைக் கொஞ்சம் குறைக்கலாம். இந்த செட்டிங்கைத் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், யாரும் அதைத் தனியாகக் கேட்கப்போவதில்லை.

இன்னொரு ரகசிய எதிரி, கீபோர்டு வாசிக்கிற நண்பரின் இடது கை. அவர் கீழே பேஸ் நோட்டு வாசிக்க, நீங்களும் அதே இடத்தில் வாசிக்க, ரெண்டு பேரும் சேர்ந்து குழப்பிக்கொண்டிருப்பீர்கள். சண்டை போடாமல், "பாஸ், இந்தப் பாட்டுல இடது கையைக் கொஞ்சம் மேல கொண்டுபோங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். எந்த புது பெடலும் தராத தெளிவு கிடைக்கும்.

ஒரே விரல்... ஒரே கிட்டார்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1960-களில் மோட்டவுன் என்ற இசை நிறுவனம் ஹிட்டுக்கு மேல் ஹிட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாடல்களில் ஏராளமானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் வைத்திருந்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும்தான். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே இருந்தது. ஸ்டூடியோவில் பெரிய ஆம்ப் எதுவும் இல்லாமல், பேஸ் நேராக மிக்ஸருக்கே போகும். மோட்டவுன்காரர்கள் மிக்ஸ் சரியா என்று பார்க்க சின்ன கார் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். அன்றைய இளசுகள் பாட்டுக் கேட்டது கார் ரேடியோவில்தானே! அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் ஜேமர்சன் தெளிவாகக் கேட்டார். ஆனால், ஆல்பம் அட்டையில் அவர் பெயர் வரவே 1971 ஆகிவிட்டது.

அந்த ஸ்பாஞ்ச் ஐடியாவை நீங்கள் இன்றே, பைசா செலவில்லாமல் செய்து பார்க்கலாம். நோட்டின் வால் குறையும், தொடக்கம் தெளிவாகும். அதோடு, வலது கையை நகர்த்திப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் வாசித்தால் இறுக்கமான, நறுக்கென்ற சத்தம். கழுத்துப் பக்கம் போனால் உருண்டையாக, கொழகொழவென்று இருக்கும். இடது விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் வைத்தால் 'டர்ர்'ரென்ற சத்தமும் போய்விடும். வாசிக்காத கம்பிகளைச் சும்மா இருக்கும் விரல்களால் தொட்டு அடக்கிவைக்கப் பழகுங்கள். நீங்கள் குறை சொன்ன அந்த 'கும்'மில் பாதி, தொடாமலேயே அதிர்கிற கம்பிகளின் வேலை.

அப்புறம் டிரம்மர். ரிகர்சலில் அவரைப் பார்த்து நில்லுங்கள், முக்கியமாக அவருடைய வலது காலை. கிக் விழுகிற இடத்தில் உங்கள் நோட்டும் விழுந்தால் ரெண்டும் சேர்ந்து ஒரே வாத்தியமாகக் கேட்கும். நோட்டு எங்கே தொடங்குகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எங்கே முடிகிறது என்பதையும் கவனிக்கிறவர்தான் நல்ல பேஸிஸ்ட். ஸ்னேர் விழும்போது நோட்டை வெட்டி நிறுத்திப் பாருங்கள், பாட்டு துள்ளும்.

சரி, என்னதான் வாங்குறது?

முதல் பேஸ் என்றால் நான்கு கம்பி போதும். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் வடிவம், 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் வடிவம், இந்த இரண்டையும் ஒட்டித்தான் கடையில் இருக்கும் பெரும்பாலான மாடல்கள் இருக்கும். முன்னதில் ஒரே பிக்கப், நடுப்பகுதி தூக்கலாக இருக்கும், பெரிதாக யோசிக்க வேண்டாம். பின்னதில் இரண்டு பிக்கப், மெல்லிய கழுத்து, சத்தத்தில் வகைகள் அதிகம். ஆனால், ஒரு பிக்கப்பை மட்டும் தனியாகத் திறந்தால் மின்சார இரைச்சல் எட்டிப்பார்க்கும். கை சின்னது என்று பயந்தால் 34 இன்ச்சுக்குப் பதில் 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் பாருங்கள். விலை குறைந்த பேஸ்கூட, கம்பி உயரத்தைச் சரிசெய்து செட்டப் பண்ணினால் ஆளே மாறிவிடும்.

'ஆக்டிவ்' பேஸ் என்றால் உள்ளே பேட்டரி இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். சொருகியே இருந்தால் பெரும்பாலான மாடல்களில் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், சரியாக மேடையில் ஏறும்போது காலை வாரும். பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி உபரியாக இருக்கட்டும்.

ஆம்ப் விஷயத்தில்தான் காசு வீணாகும். கிட்டார் ஆம்ப்பில் பேஸை அதிக சத்தத்தில் வாசிக்காதீர்கள், ஸ்பீக்கர் கிழியலாம். தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறைய சக்தி வேண்டும், வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். வீட்டுக்கு ஒரு சின்ன ஆம்ப் அல்லது ஹெட்போன் ஆம்ப் வாங்குங்கள். மேடைக்கு பெரிய ஆம்ப்பைத் தூக்கி அலைவதைவிட ஒரு டி.ஐ பாக்ஸ் வாங்குவது புத்திசாலித்தனம். பேஸின் சிக்னலை, நீளமான கேபிளில் இரைச்சல் சேராமல் மிக்ஸருக்குப் போகும்படி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி அது. கல்ச்சுரல்ஸ் மேடையில் உங்கள் முறை வரும்போது அங்கே என்ன இருக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். பையில் டி.ஐ இருந்தால் கவலையில்லை.

மிச்சமிருக்கும் காசில் இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக். சின்ன ரூமில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 டெசிபல் சாதாரணம். அந்த அளவுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். உங்க ரிகர்சலோ மூணு மணி நேரம்! போன காது திரும்ப வராது.

அடுத்த ரிகர்சலில் போனை ஹாலின் கடைசியில், டிரம்ஸிலிருந்து தள்ளி வைத்து ஒரு பாட்டை முழுசா ரெக்கார்டு பண்ணுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஹெட்போனில் கேளுங்கள். உங்கள் நோட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை வாயால் பாடிக்கொண்டே வர முடிகிறதா? எந்த வரியில் தொலைந்துபோகிறது? அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அங்கே யார் உங்கள் மேல் ஏறி வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். சில சமயம் அது நீங்களாகவே இருப்பீர்கள்.