டிரக்கில் குடியேறிய வானொலி

பழைய அமெரிக்க டிரக்கின் ஆதி வானொலியைக் கழற்றிப் புதிய ஸ்டீரியோ பொருத்துவோரைப் பழமையின் விரோதிகள் எனல் நியாயமன்று. ஏனெனில், 1930-இல் சிகாகோவின் பால் கால்வின் தம் காரில் பொருத்தி அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு ஓட்டிச்சென்று வியாபாரிகளுக்குக் காட்டிய ‘மோட்டரோலா’வும், வண்டி வாங்கியபின் தனியே வாங்கிப் பொருத்தப்பட்ட சாதனமே.

1955 வரை ஃபோர்டு டிரக்குகள் 6 வோல்ட் மின்சாரத்தில், பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்து ஓடின. 1956-இல் 12 வோல்ட்டும் எதிர்முனை இணைப்பும் வந்தமையால், இக்கால ஸ்டீரியோ முன்னவற்றில் நேராக இயங்காது. இதற்கேனும் பரிகாரமுண்டு. ஆனால், இரு குமிழ்களுக்கென அமைந்த அழகிய இரும்பு முகப்பை, ஜெர்மானியர் வகுத்த 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமுமான அளவுக்காக ரம்பத்தால் அறுத்த அநியாயத்தை என் மனம் பொறுப்பதில்லை. பழைய முகத்தைக் காத்து, உள்ளுறுப்புகளை மட்டும் புதுப்பித்துத் தரும் சிற்பிகள் இன்று உளர்.