தாம்பரம், தென்சென்னைப் புறநகர் வெள்ளம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், செம்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஆகிய இடங்களில் அடிக்கடி நேரும் வெள்ளப்பெருக்கு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலை கரையோரம் வந்து நின்றால் ஒரு மாத மழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர் தண்ணீர். அப்படியானால் தாம்பரத்தின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் அன்று 49 கோடி லிட்டர் விழுந்திருக்கிறது. நவம்பர் மழையிலேயே நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்த ஏரிகளில் இதை வாங்கிக்கொள்ள இடமில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது உண்மை. ஆனால் அதன் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் நீர் வதைத்தது மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை முதலான கீழ்ப்பகுதிகளை. இந்த வேறுபாடு தெரியாமல் முடிச்சூருக்குத் தீர்வு தேடினால் தவறான மதகைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

தாம்பரத்தின் மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடுகிறது. மேற்கில் விழுவது அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கில் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு வழியாகக் கடல். பாசனத்துக்கென்று அமைந்த ஏரித்தொடர் இது. வயல்கள் மனைகளானபோது ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலம் போனது. வரத்துக் கால்வாய்களும் போக்குக் கால்வாய்களும் சுருங்கின. தண்ணீரின் பாதை மட்டும் மாறவில்லை. சதுப்புநிலத்தின் மேலும் குப்பைமேடும் சாலைகளும் அலுவலகங்களும் ஏறின. மிஞ்சியதில் 1,248 ஹெக்டேர் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

வெள்ளம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் வாசல் வழியாக அல்ல. முதலில் குளியலறைத் துவாரத்தில் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வரும். பிறகு தரைத்தொட்டி கலங்கும். மின்சாரம் நின்றதும் மோட்டாரும் நின்றுவிடும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். அரசின் எந்த வடிகால் அறிவிப்பையும்விட அந்த மேம்பாலத்தின்மேல்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

2020 நவம்பரில் நிவர் புயலின்போதும் முடிச்சூர்ப் பகுதியில் தண்ணீர் தேங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தில்தான் கரையைக் கடந்தது. ஆனால் போகிற போக்கில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் நாள்கணக்கில் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போனது.

2015 வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. அதன்பின் அடையாற்றின் மேற்பகுதி அகலப்படுத்தப்பட்டது. முடிச்சூர்ப் பக்கம் மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. தண்ணீர் முன்னைவிட வேகமாக வடிகிறது. ஆனால் ஓரிடத்தில் வேகமாக வடிவது அடுத்த ஊருக்கு வேகமாகப் போய்ச் சேரும் என்பதால், தனித்தனி நகர் கணக்கில் செய்யும் வடிகால் வேலை போதாது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் உட்பட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதால், செம்பாக்கம் போன்ற ஏரிகளும் அவற்றைச் சுற்றிய தெருக்களும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன.

இப்பகுதியில் மனையோ வீடோ வாங்குபவர்கள் பத்திரத்தோடு நின்றுவிடக் கூடாது. கிராம வரைபடத்தில் ஏரியும் கால்வாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, 2015-ல் தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.