நான்கு குறிக்கோள்கள், ஒரே கருவி: ஒன்ராறியோவின் பசுமை எரிசக்திச் சட்டம் – ஒரு மறுமதிப்பீடு

காலநிலைக் கொள்கை, பசுமை வேலைவாய்ப்பு, நேர்மையான வணிகம், அரசு மருத்துவச் செலவு ஆகிய நான்கும் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பவை என்றொரு கருத்து நிலவுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2009இல் இயற்றிய பசுமை எரிசக்திச் சட்டத்தின் வரலாறு, மேலோட்டமாகப் பார்ப்போருக்கு, இதை மெய்ப்பிப்பதாகவே தோன்றும். குறிக்கோள்கள் பலவற்றை மின்சாரக் கொள்முதல் விலை என்ற ஒற்றைக் கருவியின்மேல் ஏற்றியதே அங்கு நேர்ந்த மோதலுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். குறிக்கோள்கள் எத்தனையோ, குறைந்தது அத்தனை கருவிகளாவது அரசிடம் இருக்க வேண்டும் என்று டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1952இல் வகுத்த விதி இங்கு அளவுகோலாகிறது.

விலையும் நிபந்தனையும்

இச்சட்டத்தின் கீழ், வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 80.2 சென்ட் என 20 ஆண்டுகளுக்கு விலை உறுதியளிக்கப்பட்டது. அப்போதைய மொத்தச் சந்தை விலை 5 சென்டுக்கும் குறைவு. இவ்விலையைப் பெற, காற்றாலை, சூரியத் தகடு ஆகியவற்றின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு மாகாணத்துக்குள்ளேயே உருவாகியிருக்க வேண்டும். சூரிய மின்சாரத்துக்கு இப்பங்கு 60 விழுக்காடு வரை உயர்ந்தது. 50,000 வேலைகள் கிடைக்கும் என்றது அரசு. அவற்றுள் ஏறத்தாழ 30,000 வேலைகள் ஓரிரு ஆண்டுகள், மிஞ்சினால் மூன்று ஆண்டுகள் நீடிக்கும் கட்டுமானப் பணிகளே என்று மாகாணத் தணிக்கைத் தலைவர் 2011இல் சுட்டிக்காட்டினார்.

ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 2013 மே மாதம் மேல்முறையீட்டு அமைப்பு உள்நாட்டுப் பங்கு நிபந்தனையை விதிமீறல் என்றது. அரசு வாங்கியது மின்சாரம். பாகுபாடு காட்டப்பட்டதோ கருவிகள்மீது. ஆகவே அரசுக் கொள்முதலுக்குரிய விலக்கு பொருந்தாது என்பது அதன் தருக்கம். 2016இல் இந்தியாவின் சூரிய மின்திட்டமும் இதே தருக்கத்தால் தோற்றது. ஆனால் உயர்விலை கொடுத்தது தடைசெய்யப்பட்டது என்று ஒன்ராறியோ வழக்கின் தீர்ப்பு கூறவில்லை. உள்நாட்டு உற்பத்தியாளருக்கு நேரடி மானியம் வழங்க உலக வணிக அமைப்பின் காட் ஒப்பந்தத்தின் மூன்றாம் விதியிலேயே இடமுண்டு. எனவே வணிக விதி தடுத்தது பசுமைக் கொள்கையையன்று, அதனோடு பிணைத்த பாகுபாட்டையே.

நிலக்கரியும் நலவாழ்வும்

2003இல் ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையம் நிலக்கரியைக் கைவிட்டதோடு அது முற்றாக நின்றது. இதைச் சாதித்தது 2007இல் பிறப்பிக்கப்பட்ட தடை ஒழுங்குவிதி. ஈடுசெய்ததில் பெரும்பங்கு புதுப்பித்த அணு உலைகளுக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் உரியது. காற்றும் சூரியனும் துணைநின்றன. நிலக்கரி மின்சாரத்தால் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள உடல்நலக் கேடு விளைவதாக 2005இல் மாகாண அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கணித்தது. இத்தொகையில் பெரும்பகுதி அகால மரணங்களுக்கு இடப்பட்ட மதிப்பு. மருத்துவமனையின் கணக்கேட்டில் மிச்சமாக வராதது. மக்கள் நலம் மிகப் பெரிது என்பது உண்மை. அதனாலேயே மருத்துவத்துக்கான நிதி தானாகப் பெருகிவிடும் என்பது பிழை.

கருவூலத்துக்குத் திரும்பிய சுமை

உயர்விலையின் சுமை முதலில் மின்கட்டணத்தில் விழுந்தது. மக்கள் வெகுண்டனர். 2018இல் ஆட்சி மாறியதும் சட்டம் நீக்கப்பட்டது. நடப்பிலிருந்த நீண்டகால ஒப்பந்தங்கள் நீங்கவில்லை. 2021 ஜனவரி முதல் அவற்றின் செலவில் பெரும்பகுதியை அரசே கருவூலத்திலிருந்து செலுத்துகிறது. இதுவும் பிற மின்கட்டணச் சலுகைகளும் சேர்ந்து இருபது ஆண்டுகளில் சுமார் 11,800 கோடி டாலர் ஆகும் என்று மாகாண நிதிப் பொறுப்பு அலுவலகம் 2022இல் மதிப்பிட்டது. மாகாணத் திட்டச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு மருத்துவத்துக்கே போகிறது. அதே கருவூலத்தில், சட்டமன்றத்தின் ஒப்புதலை அன்று கேளாத செலவொன்று இன்று விட்டுக்கொடுக்க முடியாத கடப்பாடாக வந்து அமர்ந்திருக்கிறது.

வேலைவாய்ப்பு வாக்குறுதி இல்லையேல் மக்கள் ஆதரவு கிட்டியிராது; உறுதியான விலை இல்லையேல் முதலீடு வந்திராது என்ற மறுப்பு எழலாம். முன்னதற்கு நிலக்கரித் தடையே விடை: வேலை வாக்குறுதி இன்றியே அது நிலைத்தது. பின்னது பாதி உண்மை. நீண்டகால ஒப்பந்தம் தேவை. அதன் விலையை அரசே அறிவிக்கத் தேவையில்லை. 2016இல் ஏலமுறையில் காற்று மின்சாரம் சராசரியாக 8.59 சென்டுக்கும், சூரிய மின்சாரம் 15.67 சென்டுக்கும் கிடைத்தன. இடையில் தகடுகளின் விலை சரிந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அச்சரிவை நுகர்வோருக்குக் கொண்டுசேர்த்தது போட்டியே.

ஆகவே மாசுக்குத் தடைவிதி, மின்சாரத்துக்கு ஏலம், தொழிலுக்கு நேரடி மானியமும் பயிற்சியும், மருத்துவத்துக்குத் தனி ஒதுக்கீடு என்று கருவிகள் பிரிய வேண்டும். தொழில் மானியம் ஆண்டுதோறும் மருத்துவமனைகளின் ஒதுக்கீட்டோடு ஒரே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்று வாக்கெடுப்பைச் சந்திக்கட்டும். அதில் தோற்றுப்போகும் மானியம் 20 ஆண்டு ஒப்பந்தத்துக்குள் ஒளிந்து வாழத் தகுதியற்றது.