மணிமுத்தாறும் அடியார் கடனும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே போற்றற்பாலன என்பது சைவ மரபு. அவற்றுள் தீர்த்தமாகிய ஆறு தலத்தெல்லையுள் அடங்குவதன்று. அதன் தோற்றம் தொலைவிலுளது. திருமுதுகுன்றத்தில் மாசிமகத்தன்று அடியார் படிந்தாடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையிற் பிறப்பது. அம்மலையினின்றே இழியும் கோமுகியும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தை வளஞ்செய்து அதனோடு கூடுகின்றது. ஆகவே மலையிடத்து மாசு முதுகுன்றத்து நீராடுவாரைச் சாரும் என்க.

இவ்வாற்றின் பெருமைக்குத் தலையாய வரலாறு நம்பியாரூரருடையது. அவர் அவதரித்த திருநாவலூர், 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துள்ளது. முதுகுன்றத்திறைவர் அளித்த 12,000 பொன்னையும் அவர், இறைவர் பணித்தவாறே மணிமுத்தாற்றிலிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கி.பி. 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தாற் பெறப்படும். இடுமுன் மாற்றறிதற்கு மச்சம் வெட்டிக்கொண்டார். எடுத்தபின் மாற்றுத் தாழவே, அக்குறை நீங்குங்காறும் பாடினார். ஈண்டு உய்த்துணரத் தக்கது ஒன்றுண்டு. ஆற்றிலிட்டது இறைவன் ஆணையால். இட்ட பொருளும் எஞ்சாது மீட்கப்பட்டது. ஆகலின், கண்டவற்றை ஆற்றில் விட்டுப் போதற்கு இவ்வரலாறு சான்றாகாது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தே தோன்றும் கெடிலத்தின் கரையிலுள்ளது திருவதிகை. ஆங்குத் திலகவதியார் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டுத் தொண்டு புரிந்தார். அவர்தம் தம்பியாராகிய நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தினார். தலஞ்சென்று சேர்ந்தார் ஆற்றிய முதற்பணி தூய்மை செய்தலே என்பது இதனால் தெளிவாம்.

இக்காலத்தோ, பாபநாசத்துப் பொருநையிற்போலப் பல துறைகளில் நீராடினார் தம் ஆடைகளை நீரிலேயே விட்டகல்கின்றனர். அது வினையொழிக்கும் என்பாரும் உளர். அவர் ஆராயற்பாலது இது: ஆடை மாயாகாரியம், வினை உயிரைப் பற்றியது. சடப்பொருளாகிய ஆடை வினையைச் சுமந்து நீங்குமென்றல் சித்தாந்தத்தோடு மாறுகொள்ளும். வினை தேய்வது அனுபவத்தாலும் திருவருளாலுமேயன்றி, ஆடை கழித்தலாலன்று. எஞ்சுவது பின்வருவார்க்கு இடையூறும் நீர்வாழுயிர்க்குத் துன்பமுமே.

ஒருமுறை வழங்கி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி 1 முதல் விலக்கியுளது. அரசாணைக்கு அஞ்சி ஒழுகுதலினும், அடியார் நெறியறிந்து ஒழுகுதல் சிறந்ததன்றோ? கல்வராயன் மலையருவிகளைக் காணப் போவாரும், முதுகுன்றத்திற் படியப் போவாரும் கொண்டுசென்றவற்றை மீளக் கொணர்வாராக. ஆற்றிலிட்ட பொன்னையே முற்றும் மீட்டவர் வழிவந்தார்க்கு இஃது அரிதன்று.

திருச்சிற்றம்பலம்.