குடியிருந்த மண் சொந்தமான கதை



நம்ம அண்ணாகிராமம் பக்கத்துல அடிக்கடி காதில் விழுற பேச்சு ஒண்ணு இருக்கு. "பன்னண்டு வருஷம் குடியிருந்துட்டா இடம் நமக்குத்தான்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்க வீட்டு மனை வந்த கதையைக் கேட்ட பிறகுதான் விவரம் புரிந்தது.

என் மாமியாரோட மாமனார் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். வயலோரம் பண்ணைக்காரர் காட்டிய இடத்தில் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். கூலி கூடக் கேட்டாலும், ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டாலும், "கூரையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பு" என்ற சொல்தான் வரும். எத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பயம் மட்டும் போகலைன்னு மாமியார் சொல்வாங்க.

பன்னண்டு வருஷக் கணக்கு ஏன் அவங்களுக்கு உதவலை? 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தில், அடுத்தவர் இடத்தை அவருடைய உரிமையை ஏற்காமல், வெளிப்படையாக, இடைவிடாமல் 12 வருடம் அனுபவித்தால்தான் அந்தக் கணக்கு. அரசு நிலத்துக்கு 30 வருடம். சொந்தக்காரர் அனுமதியோடு இருந்தால் ஐம்பது வருஷம் ஆனாலும் செல்லாது. பண்ணையாளுங்க அனுமதியோடதானே இருந்தாங்க!

அதனால்தான் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1961-இல் வந்த சட்டம், குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. ஆனால் மண் சொந்தமாகவில்லை. 1971-இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது வந்த குடியிருப்புச் சட்டம்தான் அதைச் செய்தது. 1971 ஜூன் 19 அன்று வாடகைக்கோ அனுமதியிலோ குடியிருந்த விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அந்த மனையே சொந்தம் என்றது. எங்க மனைக்கும் அப்படித்தான் பட்டா வந்தது. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினோம்னு மாமியார் சொல்வாங்க.

புறம்போக்கில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பி மெமோ என்பது பட்டா இல்லை. 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி போடுகிற தண்டம் அது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் நாம் அங்கே இருந்ததைக் காட்டும், உரிமையைக் காட்டாது. ஆனாலும் பத்திரமா எடுத்து வையுங்க, மனு கொடுக்கும்போது கேட்பாங்க.

இன்னொரு விஷயம். எங்க பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பேரில்தான் இருக்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பங்கு இருக்குன்னு நான் சொன்னப்போ வீட்டில் கொஞ்சம் சத்தம்தான். இருந்தும் வாரிசுச் சான்றுக்கு மனு போட்டுட்டோம்.

கூரையைப் பிரிச்சிடுவாங்களோன்னு பயந்தே காலம் கழிச்ச மாமியார் பேரு, அந்தப் பட்டாவில் ஏற வேண்டாமா? நீங்களும் இன்னைக்கே உங்க வீட்டுப் பட்டாவை எடுத்து, யார் பேரு இருக்குன்னு பாருங்க.